அம்மா தமிழில் பேசினால் பிள்ளை குழம்பிவிடுமா?

ரோஸ்ஹில் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து 11 வருடம் ஆகிறது. கணவர் வீட்டார் பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்கள். கோவில், காவடி, வாழையிலையில் ஏழு கறி எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. ஒரே மகன், 8 வயது, மூன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து அம்மாவிடம் தமிழ், அப்பாவிடமும் பாட்டியிடமும் கிரியோல். பள்ளியில் பாடப் புத்தகம் ஆங்கிலம், கூடவே பிரெஞ்சு, விருப்பப் பாடமாகத் தமிழ். நன்றாகப் பேசுவான், கதை சொல்லுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். பிரெஞ்சு திக்தேயில், அதாவது சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியில், 15 சொல்லுக்கு 2 சரியாக வந்தால் அதிகம். போன வருடக் கடைசியில் உளவியல் நிபுணர் ஒருவர் சோதித்துவிட்டு டிஸ்லெக்ஸியா (வாசிப்பிலும் எழுத்திலும் வரும் தடுமாற்றம்) என்று எழுதிக் கொடுத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு இத்தனை மொழி தாங்காது, ஒன்றையாவது குறையுங்கள்" என்று வகுப்பாசிரியர் சொல்லியிருக்கிறார். நர்சாக இருக்கும் ஓர் உறவினர், வீட்டில் ஒரே மொழிதான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஜனவரியில் பள்ளி திறந்த நாளிலிருந்து இவர் மகனோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டார். தனக்குத் தெரிந்த அரைகுறை கிரியோலில் பேசுகிறார். இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு மகன் கேட்டிருக்கிறான்: "அம்மா, உனக்கு எம்மேல கோவமா?"

கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. என் தமிழால்தான் இது வந்ததா? பள்ளியில் தமிழை விட்டுவிட்டுக் கிரியோல் பாடம் எடுக்கலாமா? தேர்வில் பிரெஞ்சுக்கோ ஆங்கிலத்துக்கோ விலக்குக் கிடைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளைவிட மகன் கேட்டதுதான் அவசரம். இன்றைக்கே அவனிடம் தமிழில் பேச ஆரம்பியுங்கள். அதற்கு எந்த நிபுணரின் அனுமதியும் வேண்டாம். "யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திட்டேன், தப்பு பண்ணிட்டேன்டா" என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

உங்கள் தமிழால் வந்ததில்லை

கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மகனைத் திட்டும்போது கணவர் குறுக்கே வந்து, "நானும் இப்படித்தான் இருந்தேன், சிபிஇயில் இரண்டு தடவை தோற்றேன், விடு" என்றாராம். நீங்கள் அதைச் சாக்கு என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கோ முழுக் கடிதத்திலும் அதுதான் முக்கியமான வரி. டிஸ்லெக்ஸியா குடும்பங்களில் வழிவழியாக வருவது. கணவர் படித்த காலத்தில் சிபிஇ என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு என்றால் இந்தத் தீவில் எத்தனை வீடுகளில் அழுகை என்பது உங்கள் மாமியாருக்குத் தெரியும். கணவருக்கு இருந்ததும் இதுவேதானா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் தமிழே பேசாத வீட்டில் வளர்ந்தவருக்கும் அதே தடுமாற்றம் இருந்திருக்கிறது, இல்லையா?

பல மொழி கேட்டு வளர்வதால் இந்தக் குறை வருவதில்லை. இருக்கிற குறை அதனால் அதிகமாவதும் இல்லை. கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த, மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை, அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வு வந்தது. இலக்கணத்தில் இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கவில்லை. 2005இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதேதான் தெரிந்தது. உங்கள் மகனுக்கு இருப்பது இவற்றைவிடக் குறுகிய சிக்கல். பேச்சில் குறையே இல்லை, எழுத்தில்தான் தடுக்குகிறது.

வகுப்பாசிரியர் மேல் வருத்தப்பட வேண்டாம். ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த ஆலோசனையால் நேரும் நஷ்டம் ஒன்றுதான். தாய் தனக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறும்போது பேச்சு சுருங்கிப்போகும். 'வா', 'சாப்பிடு', 'படு' என்பதோடு நின்றுவிடும். கதை, கேலி, பழைய ஊர்ச் சங்கதி, 'ஏன் தெரியுமா' என்று தொடங்கும் நீள விளக்கம் எல்லாம் போய்விடும். சொல்வளம் வளர்வது அங்கேதான். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் காது வழியாக வரும் சொல்தான் முதல். அதையும் அடைத்துவிட்டால் வேறு வழி ஏது?

தமிழ் எழுத்து 'எளிது' என்ற நினைப்பு

"தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம், ஆங்கிலம் மாதிரி இல்லை. அதிலும் தடுமாறுகிறான் என்றால் சோம்பல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் உள்ள மொழிகளில் டிஸ்லெக்ஸியா தப்பும் தவறுமாகப் படிப்பதாகத் தெரியாது. மெதுவாகப் படிப்பதாகத் தெரியும். தமிழில் உங்கள் மகன் சொல்லைச் சரியாகத்தான் படிக்கிறான், ஆனால் ஒரு வரி முடிவதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் சோம்பல் இல்லை.

தமிழிலும் இந்தப் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் உண்டு. 247 எழுத்து என்ற எண்ணிக்கை ஒரு பெரிய தொல்லையே இல்லை, அடையாளங்கள் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளலாம். தொல்லை கொம்பில். 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் வாய் முதலில் சொல்வது 'க்', கண் முதலில் பார்ப்பது கொம்பை. 'கொ' வந்தால் எழுத்தின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். அப்புறம் ல, ள, ழ, ந, ன, ண, ர, ற. இங்கே வளரும் பிள்ளையின் காதுக்கு இந்த வேறுபாடுகள் சரியாக விழுவதே இல்லை. விழாததை எப்படி எழுதுவான்? ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பது வேறு.

மற்ற மொழிகளையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். பிரெஞ்சில் தண்ணீருக்கு 'ஓ'. அந்த ஓர் ஒலியை எழுத 3 எழுத்து, ஈ, ஏ, யூ. அதில் ஓ என்ற எழுத்தே கிடையாது! கிரியோலில் அதே தண்ணீர் 'திலோ'. டீ, ஐ, எல், ஓ. சொல்வதுபோல எழுத்து. 2011இல் கிரியோலுக்கு அதிகாரபூர்வமான எழுத்துமுறை வகுத்தபோது ஒலியை ஒட்டியே வகுத்தார்கள். ஆக உங்கள் மகன் முன்னால் இருப்பவை நேரான எழுத்துமுறைகள் இரண்டு, கோணலானவை இரண்டு. மொழி எத்தனை என்று எண்ணுவதைவிட, எந்த மொழி இப்போது காதோடு நிற்கலாம், எது கண்ணுக்கும் வர வேண்டும் என்று பிரிப்பதுதான் வேலை.

பள்ளியில் தமிழா, கிரியோலா

2012 முதல் தொடக்கப் பள்ளியில் கிரியோலும் விருப்பப் பாடமாக இருக்கிறது. தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு எல்லாம் நடக்கும் அதே பாடவேளையில் அதுவும் நடப்பதால் பொதுவாக ஒன்றைத்தான் எடுக்க முடியும். எதையும் எடுக்காமலும் இருக்கலாம். ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்குபோல இது கட்டாயமில்லை.

கிரியோலுக்கு மாறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாள் முழுக்கக் காதில் விழும் மொழியை, ஒலிக்கேற்ற எழுத்தில் படித்தால் 'நானும் வாசிக்கிறேன்' என்ற முதல் வெற்றி சீக்கிரம் கிடைக்கும். ரோமன் எழுத்து என்பதால் அந்தப் பயிற்சி பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும். கோவிலில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். சுளிக்கட்டும். இங்கே பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி வகுப்பை விட்டால் தமிழுக்கு வேறு வழி இல்லை. உங்கள் மகனுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். வகுப்பை இழந்தாலும் தமிழை இழக்காத பிள்ளை அவன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் வேறு மாதிரிதான் சொல்வேன். தமிழ் மிஸ் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குவது இவன்தான் என்றும், மற்றப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் இவனைக் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்கத் தோற்கும் பிள்ளை ஜெயிக்கும் ஒரே பாடவேளை அது. அதைப் பிடுங்காதீர்கள். தமிழ் மிஸ்ஸிடம் நேரில் பேசுங்கள். வாய்மொழியில் முழுப் பங்கு, எழுத்தில் பாதி அளவு. வாரம் 4 எழுத்து போதும், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல் அச்சிட்ட தாள் கொடுக்கட்டும். இந்த வருடக் கடைசிவரை பாருங்கள். அவர் ஒப்பவில்லை, அந்த வகுப்பும் வயிற்றுவலி வகுப்பாகிவிட்டது என்றால் 4ஆம் வகுப்பில் கிரியோலுக்கு மாற்றிவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

விலக்கு கேட்காதீர்கள், ஏற்பாடு கேளுங்கள்

ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் விலக்கு வாங்கினால் நிம்மதி என்று நினைக்கிறீர்கள். இன்றைக்கு நிம்மதிதான். ஆனால் இந்த நாட்டில் அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில்தான், மேல்நிலைப் பள்ளியிலும் அப்படியே. வேலைக்குப் போனால் பிரெஞ்சு வேண்டும். இப்போதே கதவைச் சாத்தினால் 15 வயதில் திறப்பது கஷ்டம். டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் அயல்மொழி கற்பார்கள். கற்பிக்கும் முறைதான் மாற வேண்டும். 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கென்னத் டிங்க்லேஜ் என்ற ஆலோசகர், மற்ற எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்து அயல்மொழித் தாளில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்ற மாணவர்களைக் கவனித்தார். சோம்பலும் இல்லை, பயமும் காரணமில்லை; தோற்றதால்தான் பயம் வந்திருந்தது. பலருக்குச் சிறுவயதில் வாசிப்புச் சிக்கல் இருந்திருக்கிறது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, கண், காது, கை மூன்றும் சேர்த்துக் கற்பிக்கும் முறையில் சொல்லிக் கொடுத்தபோது அவர்களுக்கும் மொழி வந்தது.

மொரீஷியஸில் உங்கள் கையில் இருப்பவை இவை. சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்காக 2018இல் தனிச் சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்திருக்கிறார்கள். சேனா என்று சொன்னால் பள்ளியில் தெரியும். 2008ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம், 2012 முதல் நடைமுறையில் இருப்பது, உடல் மனக் குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே "இவனை வேறு பள்ளிக்குக் கூட்டிப்போங்கள்" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் தலையாட்டாதீர்கள், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியா மட்டும் இருக்கும் பிள்ளைக்கு வழக்கமான வகுப்புதான் இடம்.

6ஆம் வகுப்பு முடிவில் வரும் பிஎஸ்ஏசி தேர்வுக்குக் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைத் தேர்வு வாரியத்திடம் பள்ளி மூலமாகக் கேட்கலாம். நிபுணர் அறிக்கை வேண்டும். தேர்வு வருடத்தில் ஓடாதீர்கள். இப்போதிருந்தே வகுப்புத் தேர்விலும் கூடுதல் நேரம் கொடுத்துப் பழக்கியிருந்தால் உங்கள் விண்ணப்பத்துக்கு வலு அதிகம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குவிதிகள்படி 3ஆம் வகுப்பு வரை, பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமென்று அமைச்சர் கருதும் எந்த மொழியிலும் கற்பிக்கலாம். 4ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலம். எல்லா வகுப்பிலும் கிரியோல் காதில் விழுவது வேறு கதை. ஆனாலும் மகன் இப்போது சரியாக அந்த வாசலில் நிற்கிறான். அடுத்த ஜனவரிக்கு முன் ஆசிரியரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்: அறிவியல் கேள்வியை அவனுக்கு வாசித்துக் காட்டுவது, பதிலை வாயால் சொல்ல விடுவது. திக்தேயில் 15 சொல்லுக்குப் பதில் ஒரே ஒலி வரும் 5 சொல். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்வதை நிறுத்துவது. இதற்கெல்லாம் காசு செலவில்லை.

அறிக்கையைப் பற்றியும் ஒன்று. சோதனை முழுக்க ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடந்ததாகத் தெரிகிறது. பேச்சு வலுவாக இருக்கும் மொழிகளில், அதாவது கிரியோலிலும் தமிழிலும், ஒலிகளைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பார்க்காமல் படம் முழுமையாகாது. 'திலோ'வில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பது மாதிரியான சோதனை. அந்த நிபுணரிடமே இதைக் கேட்கலாம். காது கேட்கும் திறனைச் சோதித்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். நிறக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ விலை சொன்னார்கள் அல்லவா, வாங்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009இலேயே சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. மாலையில் தனிப்பாடத்துக்கு அனுப்புவதும் வேண்டாம். பகலில் பலிக்காத அதே முறை சாயங்காலம் மட்டும் எப்படிப் பலிக்கும்?

வீட்டில்

நாளைக்கு 15 நிமிடம் போதும். கோலமாவைத் தட்டில் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்து. கொம்பை வேறு நிறத்தில் எழுதிக் காட்டுங்கள். ட, ப, ம மூன்றும் புள்ளியும் வந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும்; முதல் நாளே வாசிக்கிற பெருமை அவனுக்கு. தப்பான சொல்லைப் பத்து தடவை எழுதச் சொல்வது கைக்குத்தான் பயிற்சி.

மொழிகளைச் சுவர் வைத்துப் பிரிக்காதீர்கள். மாமியார் 'ப்ரேத் முரும்' என்று வதக்குவது உங்கள் முருங்கைக்கீரைதான். அவர் 'ரசோன்' என்பது உங்கள் ரசம். இப்படி இன்னும் எத்தனை கிடைக்கும் என்று அவனையே தேடச் சொல்லுங்கள், பாட்டியும் சேர்ந்துகொள்வார். கடைக்குப் போகும்போது ரூபாய் நோட்டில் தமிழ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். (1998இல் புது நோட்டில் அந்த வரி இந்திக்குக் கீழே போய்விட்டது என்று இந்தத் தீவே அமளிப்பட்டு, நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கதையும் அவனுக்குப் பிடிக்கும்.)

மாமியார் கோர்-தெ-கார்த் மலையடி முருகனுக்குக் காவடி நேர்ந்திருப்பதாகவும், உங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எடுக்கட்டுமே. காவடியும் கோலமாவும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. அவர் உங்கள் பக்கம் இருப்பது பிள்ளைக்குப் பெரிய பலம். கணவரையும் ஒரு நாள் உட்காரவைத்து, அவர் சிபிஇ கதையை மகனிடம் கிரியோலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது திக்தே நோட்டில் 3 பக்கம், தமிழ் நோட்டில் 3 பக்கம் படமெடுத்து அனுப்புங்கள். நீங்கள் எதையும் திருத்த வேண்டாம், அழித்த இடங்களும் தெரியட்டும். எந்த ஒலியில் தடுக்குகிறான் என்று பார்த்துவிட்டு, எந்த எழுத்தில் ஆரம்பிப்பது என்று சொல்கிறேன்.